புள்ளி கடலுக்குள் விழுந்தது

என் மாமியார் பொறையாறிலிருந்து சிங்கப்பூர் வந்து 12 நாள் ஆகியிருந்தது. முஸ்தபா கடையை இரண்டு தடவை சுற்றியாயிற்று. வீரமாகாளியம்மன் கோயில், பெருமாள் கோயில் இரண்டும் முடிந்தன. தேக்கா சந்தையில் ஒரு வாழைப்பூவின் விலையைக் கேட்டு, அதை மனதுக்குள் இந்திய ரூபாயாக்கி, நெஞ்சில் கைவைத்துக்கொண்டதும் முடிந்தது. சனிக்கிழமை காலை ஜூரோங் வெஸ்ட் வீட்டில், 9-ஆவது மாடி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"ஏன் மாப்பிள்ளை, இந்த ஊர்ல மண்ணு எங்க இருக்கு? எல்லாத்து மேலயும் சிமெண்ட்டைப் பூசி வெச்சிருக்கீங்களே."

நான் அப்போது காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். பையில் கொசு மருந்து, இரண்டு பேனா, குடை, சுருட்டிய காகிதத்தை வெளியே இழுக்க ஒரு சின்ன இடுக்கி. சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "நீங்க காட்டுக்குத்தானே போறீங்க? அம்மாவையும் கூட்டிட்டுப் போங்களேன்."

தர்மசங்கடம். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றுத் திரும்பிய இடத்துக்கு மூன்றாவது முறையாகப் போகிறவன் கூடவே சாட்சியையும் அழைத்துப் போவானா? ஆனால் மாமியாரிடம் 'இன்னொரு நாள்' என்று சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. அவருக்குக் கிடைத்ததே 30 நாள் விசா.

போன இடம் லாப்ரடோர் இயற்கை வனப்பகுதி. சிங்கப்பூரின் தெற்குக் கரையில், கடலைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும் ஒரு குன்று. மேலே காடு, காட்டுக்குள் ஒரு பழைய கோட்டையின் மிச்சம். நான் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலை செய்கிறேன். மேலே ஏறினால் அந்தப் பச்சைத் திட்டு தூரத்தில் தெரியும். பல வருடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், போனதில்லை. ஜியோகேஷிங் என்ற பெட்டி தேடும் விளையாட்டு பிடித்த பிறகுதான் அங்கே காலெடுத்து வைத்தேன்.

பூன் லே நிலையத்தில் ரயிலேறி உட்கார்ந்ததும் அத்தைக்கு விளக்க ஆரம்பித்தேன். உலகம் முழுக்க ஆட்கள் சின்னச் சின்னப் பெட்டிகளை ஒளித்து வைப்பார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார்கள். மற்றவர்கள் போனை வைத்துக்கொண்டு தேடிப் போவார்கள்.

"பெட்டியில நகை கிகை இருக்குமா?"

"இல்ல அத்தை. ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதுல பேர் எழுதிட்டு, திரும்ப அதே இடத்துல வெச்சிடணும்."

"எடுத்துட்டு வரக் கூடாதா?"

"கூடாது."

பூன விஸ்தாவில் இறங்கி வட்டப்பாதை ரயிலுக்கு மாறினோம். கென்ட் ரிட்ஜ் வரை அத்தை பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்குச் சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதுல்ல?"

இந்த விளையாட்டுக்குப் பிறந்த தேதி உண்டு என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்துடையது. பொதுமக்களுக்குப் போகும் சமிக்ஞையை அவர்கள் வேண்டுமென்றே கலங்கலாக வைத்திருந்தார்கள். நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டினால் 100 மீட்டர் வரை தப்பும். 2000-ஆம் ஆண்டு மே 2 அன்று அந்தக் கலங்கலை நிறுத்தினார்கள். மறுநாளே, மே 3, ஓரிகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் புத்தகம், கவண், அவரைப் பயறு டின் என்று எதையெதையோ போட்டு, காட்டோரம் பாதி புதைத்து வைத்துவிட்டு, எண்களை இணையத்தில் போட்டார். அந்தப் பயறு டின் இன்றைக்கும் இந்த விளையாட்டுக்காரர்களிடையே ஒரு சாமி மாதிரி. வேடிக்கை என்னவென்றால், இன்றைய விதிப்படி மண்ணைத் தோண்டிப் புதைக்கவே கூடாது. முதல் பெட்டியை இன்றைக்கு வைத்திருந்தால் அனுமதி கிடைத்திருக்காது.

பயறு டின் கதை மட்டும் அத்தைக்குப் பிடித்தது. "திங்கிற பொருளையா மண்ணுக்குள்ள வெச்சான்?" என்றார்.

லாப்ரடோர் பார்க் நிலையத்திலிருந்து பெர்லேயர் ஓடையை ஒட்டி மரப்பலகைப் பாதை போகிறது. இரண்டு பக்கமும் அலையாத்தி. நீர் வற்றியிருந்த நேரம். சேற்றில் உளுவை மீன்கள் துடுப்பை ஊன்றி ஊன்றித் தவ்விக்கொண்டிருந்தன. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் முகத்தில் 'சரி, இது ஊர்தான்' என்கிற களை வந்தது. "நம்ம பிச்சாவரத்துக்குக் கட்டணக் கழிப்பறை கட்டின மாதிரி இருக்கு" என்றார். பாராட்டா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

இனி இந்தப் பெட்டியைப் பற்றி. இது மல்டி வகை. நேராக எண்ணைத் தர மாட்டார்கள். மூன்று இடங்களுக்குப் போய் விடை சேகரித்து, கணக்குப் போட்டு, நான்காவது இடத்தின் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டி நான்காவதில் இருக்கும். விடைகளையும் இடத்தையும் அப்படியே எழுதினால் அடுத்து வருபவருக்கு விளையாட்டு கெட்டுவிடும் என்பதால், சில அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். வைத்தவர் இதைப் படித்தால் மன்னிக்கவும்.

முதல் கேள்வி கடற்கரையில் நிற்கும் ஒரு பாறையைப் பற்றியது. பாறை என்றா சொன்னேன்? மாதிரிப் பாறை. உண்மையானது கடலுக்குள் நின்றது. 14-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த சீனப் பயணி வாங் தாயுவான் 'லோங் யா மென்', அதாவது 'டிராகன் பல் வாசல்' என்று ஒரு நீரிணையை எழுதி வைத்திருக்கிறார். பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இந்தப் பாறைதான் அதன் அடையாளம் என்கிறார்கள். மலாய்க்காரர்களுக்கு அது 'பத்து பெர்லாயர்', பாய் விரித்துப் போகும் பாறை. 1848-இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் ஜான் தாம்சன், கப்பல் வழியை அகலப்படுத்த அதை வெடி வைத்துத் தகர்த்தார். 2005-இல் கரையில் ஒரு மாதிரியைச் செய்து நட்டார்கள்.

கேள்வி: எந்த ஆண்டு தகர்த்தார்கள்? கடைசி இலக்கத்தோடு 1-ஐக் கூட்டு. அது வடக்கு எண்ணில் நிமிடத்துக்கு (இங்கே நேரமில்லை, பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பின் வரும் முதல் தசம இலக்கம்.

முதல் தடவை நான் இங்கேதான் சறுக்கினேன். பலகையைப் படிக்கவில்லை. 'இதெல்லாம் நமக்குத் தெரியாததா' என்ற திமிர். என் நினைவில் இருந்தது 1843. அதுவும் ஒரு பாறை வெடித்த ஆண்டுதான், ஆனால் வேறு பாறை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், சுமார் 3 மீட்டர் உயரமும் அகலமுமாக, 50 வரி போல எழுத்துப் பொறித்த ஒரு கல் நின்றது. அதை 1843-இல் உடைத்தார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாராலும் முழுதாகப் படிக்க முடியவில்லை. ஓர் ஆய்வாளர் அதில் 'கேசரிவ' என்ற எழுத்துகள் தெரிவதாகவும், அது பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் நடுப்பகுதியாக இருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். நிரூபணமான விஷயம் இல்லை. ஆனால் தமிழனுக்கு அந்த ஆண்டு மனதில் தங்கிவிடும் இல்லையா? எனக்குத் தங்கிவிட்டது.

ஆக, 8-க்குப் பதில் 3. கூட்டினால் 9-க்குப் பதில் 4. ஒரு நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் தரையில் 185 மீட்டர். ஐந்து இலக்கம் தப்பியதில் 925 மீட்டர் தெற்கே போய்விட்டது. போனில் புள்ளி எங்கே விழுந்தது தெரியுமா? நடுக்கடலில், கப்பல் போகும் வழியில். நான் அந்தக் கரையில் நின்றுகொண்டு, தண்ணீருக்கடியில் டப்பா வைக்கும் அளவுக்குப் பைத்தியக்காரர்களா இவர்கள் என்று 20 நிமிடம் யோசித்தேன். தப்பு என்னுடையதாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

இதை அத்தையிடம் சொன்னபோது அவர் என் தப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. "எழுதி வெச்ச கல்லையா ஒடைச்சான்?" என்றார். இரண்டு தடவை கேட்டார். "படிக்கத் தெரியலன்னா அப்படியே விட்டுட்டுப் போக வேண்டியதுதானே."

கரையோரம் நடந்தோம். நாட்டு வாதுமை மரங்களின் கீழே காய்கள் கொட்டிக் கிடந்தன. ஒன்றைக் காலால் உருட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து எடுக்கப் போனார். இங்கே எதையும் எடுக்கக் கூடாது, பாதையை விட்டு இறங்கக் கூடாது, அபராதம் போடுவார்கள் என்று தடுத்தேன். "இதையும் எடுக்கக் கூடாதா? உங்க ஊர்ல எதைத்தான் எடுக்கலாம்?" பூவரச மரத்தைப் பார்த்ததும் மட்டும் அனுமதி கேட்காமல் ஓர் இலையைத் தடவிக்கொடுத்தார். சின்ன வயதில் அதைச் சுருட்டிப் பீப்பீ ஊதாதவர் யார்?

இரண்டாவது கேள்வி, தண்ணீரைப் பார்த்து நிற்கும் ஒரு சின்ன கான்கிரீட் அறையைப் பற்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து இயந்திரத் துப்பாக்கிக் காவலிடம். எதிரே கைக்கெட்டும் தூரம் போலத் தெரிவது செந்தோசாத் தீவு. அதன் பழைய பெயர் 'பூலாவ் பிளாக்காங் மாத்தி'. மலாயில் மாத்தி என்றால் சாவு, பிளாக்காங் என்றால் பின்னால். 1970-களின் தொடக்கத்தில் சுற்றுலாத் தீவாக மாற்றியபோது, சாவு என்ற பெயரை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது? செந்தோசா ஆக்கினார்கள். சமஸ்கிருத சந்தோஷம்தான் மலாய்க்குப் போய் செந்தோசா.

"சந்தோசமா? நெசமாவா?" அத்தை தீவைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு வீடு திரும்பும் வரை அவர் அந்தத் தீவைச் 'சந்தோசம்' என்றுதான் சொன்னார். 'சந்தோசத்துல மழை பிடிச்சிருச்சு பாருங்க.' உண்மையாகவே பிடித்திருந்தது. தீவுக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அந்தத் துப்பாக்கி அறையின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர், எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோட்டைகளோடு ஒப்பிட ஆரம்பித்துவிட்டார். பொறையாறுக்குப் பக்கத்தில் இருப்பது தரங்கம்பாடி, டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை அங்கே. "நம்ம கோட்டை இதைவிடப் பெருசு" என்று முடித்துக்கொண்டார். சரி என்றேன். உண்மைதான்.

குன்றின் மேல் இருந்ததும் கோட்டைதான், பாசிர் பாஞ்சாங் கோட்டை. ஆனால் தனியாக அதைப் பார்த்தால் புரியாது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு நீராவிக் கப்பல்கள் இந்த வழியில் குவிந்தன. கப்பல்களுக்கு நிலக்கரி வேண்டும், நிலக்கரி இங்கே கிடங்கு கிடங்காக இருந்தது. எதிரி அதைக் கொளுத்திவிட்டால் தீர்ந்தது கதை. எனவே துறைமுகத்தின் மேற்கு வாசலில், இந்தப் பக்கம் ஒரு கோட்டை, எதிர்த் தீவில் சிலோசோ கோட்டை என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டினார்கள். கதவின் இரண்டு பக்கமும் நிற்கும் காவல்காரர்கள் மாதிரி. பிறகு 6 அங்குலப் பீரங்கிகள் வந்தன. ஒரு குண்டு 100 பவுண்டு, அதாவது 45 கிலோ. அதைப் பூமிக்கடியில் இருட்டறைகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். 2001-இல் இங்கே ஒரு சுரங்க வழியைக் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான். அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கும் இந்த ஊரில் ஒரு சுரங்கம் கண்ணில் படாமல் இத்தனை வருடம் கிடந்திருக்கிறது.

மூன்றாவது கேள்வி: படிகளை எண்ணு. கரையிலிருந்து குன்றின் மேல் போகும் ஒரு படிக்கட்டு. எண்ணிக்கையை 7-ஆல் பெருக்கி வருவதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். எண்களில் மிகச் சின்னது, நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தரையில் 1.85 மீட்டர். அதை 7-ஆல் பெருக்கினால், ஒரு படி தப்பினால் 13 மீட்டர் தப்பு. காட்டுக்குள் 13 மீட்டர் என்பது வேறு உலகம்.

இரண்டாம் தடவை நான் சறுக்கிய இடம் இது. நான் எண்ணியது 47. ஆனால் பெட்டிக்கான இணையப் பக்கத்தில் ஒரு குறிப்பு கொடுத்திருந்தார்கள். இந்தக் குறிப்புகளை நேராகப் படிக்க முடியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் பதில் 13 எழுத்து தள்ளியுள்ள எழுத்தைப் போட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்து என்பதால் பாதியாகப் பிரிந்து சரியாக வரும். நம்முடைய 247-ஐ இப்படிச் சுழற்றச் சொன்னால் யார் சுழற்றுவது? எழுத்துகளைத் திருப்பிப் பார்த்தால் வந்தது இரண்டே சொல்: 'ஒன்று அதிகம்'.

ஆகா, படிக்கட்டில் ஒரு படியைச் சேர்த்து எண்ணிவிட்டேன் போலிருக்கிறது, முதல் படி படியே இல்லை, நடைபாதை என்று முடிவு செய்து 46 என்று போட்டேன். போன் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் ஒன்றரை மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. 'டிஎன்எஃப்', கண்டுபிடிக்கவில்லை என்று பதிவு போட்டுவிட்டு, கையெல்லாம் கொசுக்கடியோடு வீட்டுக்குப் போனேன்.

இந்த முறை அத்தையை எண்ணச் சொன்னேன். அவர் ஒரு கையை முட்டியில் ஊன்றி, ஏற ஆரம்பித்தார். "லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். என் தாத்தா களத்தில் நின்று அப்படி அளந்ததைக் கேட்டது. அதன் பிறகு 30 வருடத்தில் இப்போதுதான் மறுபடி கேட்கிறேன், அதுவும் பிரிட்டிஷ் பீரங்கி மேட்டில். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நின்றார். நின்ற இடத்தில் எண்ணை மறக்காமல் வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நின்றார். மேலே வந்து சொன்னார்: "நாப்பத்தேழு."

"முதல் படியைச் சேர்த்தா?"

"லாபத்தைச் சேர்க்காம எப்படி?"

47 என்று போட்டேன். புள்ளி நகர்ந்து, பாதையோரமாக ஓர் இரும்பு இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

போகிற வழியில் பழைய கோட்டைச் சுவர் வருகிறது. செங்கலை முழுக்க அத்தி இனத்து மரத்தின் வேர்கள் பின்னிப் பிடித்திருக்கின்றன. சுவர் மரத்தைத் தாங்குகிறதா, மரம் சுவரைத் தாங்குகிறதா என்று சொல்ல முடியாது. மேலே கிளைகளில் வெள்ளைக் கொண்டைச் சிரிப்பான்கள் ஒரு கூட்டமாக, கல்யாண வீட்டில் சித்திமார் சிரிப்பது போல ஆரவாரம் செய்துகொண்டிருந்தன. இவை இந்த ஊர்ப் பறவைகளே இல்லை, கூண்டில் வளர்க்கக் கொண்டுவந்தவை தப்பித்துப் பெருகிவிட்டன.

பீரங்கிக் குழியின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். இத்தனை பீரங்கி வைத்தும் ஏன் தோற்றார்கள் என்று அத்தை கேட்டார். ஜப்பானியர்கள் கடல் வழியாக வரவில்லை, மலாயா வழியாகத் தரையில் வந்தார்கள் என்றேன். பீரங்கிகள் எல்லாமே கடலைப் பார்த்து மாட்டிக்கொண்டு திரும்ப முடியாமல் நின்றன என்று ஒரு கதை உலவுகிறது, அது சரியில்லை. பல பீரங்கிகள் திரும்பின, சுட்டன. ஆனால் கிடங்கில் இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் இரும்பைத் துளைக்கச் செய்தவை. மண்ணில் ஓடிவரும் காலாட்படை மேல் அவை என்ன செய்யும்?

இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை, புக்கிட் சந்து என்ற குன்று. 1942 பிப்ரவரி 14 அன்று லெப்டினன்ட் அட்னான் சைடியின் மலாய்ப் படைப்பிரிவு அங்கே கடைசி வரை நின்று சண்டை போட்டது. அதில் ஒரு சம்பவம் சொல்வார்கள். தலைப்பாகை கட்டிய பஞ்சாபிச் சிப்பாய்கள் ஒரு கூட்டம் மேலே நடந்து வந்தது. நம் ஆட்கள்தான் என்று விட்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் நான்கு நான்கு பேராக வரிசை கட்டி வந்தார்கள். பிரிட்டிஷ் படையில் மூன்று மூன்றாகத்தான் நடப்பது. அதைக் கவனித்த அட்னானின் ஆட்கள், வேஷம் போட்டு வருவது ஜப்பானியர்கள் என்று பிடித்துவிட்டார்கள். மறுநாள், 15-ஆம் தேதி, சிங்கப்பூர் சரணடைந்தது.

"எண்ணிப் பாத்திருக்கான்" என்றார் அத்தை.

இருக்கைக்கு வந்து சேர்ந்தோம். மரத்தடியில் போனை நம்ப முடியாது, 8 மீட்டர், 10 மீட்டர் என்று அலையும். கடைசிப் பத்து மீட்டரில் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டும் என்று எல்லோருக்கும் உபதேசம் செய்கிறவன் நான். ஆனாலும் போனைப் பிடித்துக்கொண்டே கம்பியைத் தடவினேன், வேரைத் தடவினேன், குப்பைத்தொட்டியின் அடியைத் தடவினேன். அப்போது பார்த்து ஒரு ஜோடி கல்யாணப் படம் எடுக்க வந்துவிட்டது. கூடவே புகைப்படக்காரர், வெள்ளை அங்கியின் வாலைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண். விளையாட்டு தெரியாத வெளியாட்களை நாங்கள் 'மகிள்' என்போம். (மகிழ் இல்லை.) மகிள் முன்னால் பெட்டியை எடுக்கக் கூடாது.

ஒரு விஷயம் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். நடுவயது ஆள் ஒருவன் தனியாகப் புதரோரம் கைவிட்டுத் துழாவினால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்தில் சேலை கட்டிய அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறான் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். மணப்பெண் எங்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் போனாள்.

மழை வந்தது. இந்த ஊர் மழை தூறிப் பார்த்துவிட்டு வராது, நேராகக் கொட்டும். குடை ஒன்றுதான். அத்தையிடம் கொடுத்துவிட்டு நான் நனைந்துகொண்டே தேடினேன். அவர் இருக்கையில் உட்கார்ந்து, சேலை நனையாமல் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கீழே குனிந்தார். அப்படியே நின்றார்.

"மாப்பிள்ளை, இந்தக் காலுல நாலு நட்டு இருக்கு."

"ஆமா அத்தை. தரையோட சேர்த்து முடுக்கியிருப்பாங்க."

"அந்தக் காலுலயும் நாலு."

"ஆமா."

"இந்த ஓரத்துக் காலுல மட்டும் அஞ்சு."

நான் திரும்பினேன். அடித்தகட்டில் நான்கு மூலைக்கு நான்கு போல்ட். அவற்றுக்கு நடுவில், எதையும் எதோடும் சேர்க்காமல், ஐந்தாவது. நான்கும் துருப்பிடித்துப் பழுப்பேறியிருந்தன. ஐந்தாவதுக்கும் துரு நிறம் இருந்தது, ஆனால் அது பெயிண்ட். விரலால் தள்ளினேன். காந்தம், 'டக்' என்று கையோடு வந்தது.

ஒன்று அதிகம்.

என் வேலை என்ன என்று மேலே சொன்னேன் அல்லவா? கிரேன் பராமரிப்பு. ஒரு நாளில் நான் நூற்றுக்கணக்கான போல்ட்டைப் பார்க்கிறேன். தளர்ந்திருக்கிறதா, துரு எவ்வளவு, எண்ணிக்கை சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த ஒழுங்காக வரும் சம்பளம்.

போல்ட்டின் தலையைத் திருகினால் உள்ளே பொந்து. இடுக்கியால் சீட்டை இழுத்தேன். விரல் அகலம்கூட இல்லாத காகிதச் சுருள், நுணுக்கி நுணுக்கிப் பெயர்கள். குடைக்குக் கீழே இரண்டு பேரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு, நான் பேனாவை அத்தையிடம் கொடுத்தேன். கண்டுபிடித்தவர்தானே எழுத வேண்டும். ஒரே ஒரு வரி எழுதத்தான் இடம் மிச்சம்.

அத்தை அந்த ஒரு வரியில் முதலில் பிள்ளையார் சுழி போட்டார். பிறகு, மிஞ்சிய இடத்தில், நெருக்கி நெருக்கித் தன் பெயர், கமா, பொறையாறு. என் பெயருக்கு இடமில்லை. காகிதத்தின் பின்பக்கம் எழுதிக்கொள்ளலாம் என்றேன். "எதுக்கு?" என்றார்.

போல்ட்டைத் திரும்ப ஒட்டவைக்கும்போது அவர் மேற்பார்வை செய்தார். முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று இரண்டு தடவை மாற்றி வைக்கச் சொன்னார். இடி கேட்டதும் கீழே இறங்கிவிட்டோம். இறங்கும்போதும் எண்ணினார். 47-தான்.

ரயிலில் குளிர்சாதனம் ஈரத் துணிக்கு எலும்பு வரை இறங்கியது. நான் நடுங்கிக்கொண்டே போனில் பதிவு போட்டேன். அத்தை எட்டிப் பார்த்தார். என் பெயருக்குக் கீழே ஒரு மஞ்சள் முகம் சிரித்தது, எண்ணிக்கை 214-லிருந்து 215 ஆனது.

"இது என்ன?"

"நான் இதுவரைக்கும் கண்டுபிடிச்சது."

"இன்னைக்கு நீங்க எங்க கண்டுபிடிச்சீங்க?"

கூட வந்தவர்களும் பதிவு போடுவது உண்டு என்று ஆன மட்டும் விளக்கினேன். பூன விஸ்தா வரை விளக்கினேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். மாறி ஏறிய ரயிலில், கிளெமென்டி தாண்டும்போது, அந்தப் பதிவை அழித்தேன். வீட்டுக்குப் போனதும் அவர் பெயரில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தேன். புனைபெயர் கேட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'லாபம்' என்று போடச் சொன்னார். அவருடைய எண்ணிக்கை 1. என்னுடையது 214.